தேர்வும் சண்டையும்

2018 நவம்பர் 23, திருக்கார்த்திகை நாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, போன வருஷத்து அகல்களை வெந்நீரில் ஊறப்போட்டுப் பிசுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் குடியிருந்தோம். எதிர்வீட்டுத் தொலைக்காட்சி எங்கள் கூடத்தில் ஓடுவதுபோலக் கேட்கும். அந்த வீட்டு மாமா பெல்லில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கிரிக்கெட் என்றால் நேரம் காலம் கிடையாது. ஆன்டிகுவாவில் முந்தின நாள் இரவு, நமக்கு மறுநாள் விடியல். மகளிர் டி20 உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் இங்கிலாந்தும். டாஸ் முடிந்து பெயர்ப்பட்டியல் வந்ததும் அவர் வாசலுக்கு வந்து குரல் கொடுத்தார்.

"என்ன ப்ரொஃபசர், பாத்தேளா? மிதாலி இல்லை. உக்கார வெச்சுட்டா."

கையில் சோப்பு நுரையோடு போய் அவர் வீட்டு நிலைப்படியில் நின்று பார்த்தேன். 19.3 ஓவரில் 112க்கு இந்தியா சுருண்டது. ஸ்மிருதி மந்தனாவும் ஜெமிமா ரோட்ரிக்ஸும் நின்றவரை ஒழுங்காகத்தான் போனது. கடைசி எட்டு விக்கெட்டுகள் 25 ஓட்டத்துக்குள் விழுந்தன. இங்கிலாந்து இரண்டே விக்கெட் இழந்து, 17 பந்து மிச்சம் வைத்து ஜெயித்தது. எமி ஜோன்ஸும் நாட் சிவரும் ஆளுக்கு அரைசதம். மெதுவான ஆடுகளத்தில் பதற்றமில்லாமல் ஒன்று இரண்டாக ஓடி எடுத்த ஓட்டங்கள். அதைப் பார்த்துக்கொண்டு, அந்த மாதிரி ஆடவே பிறந்த ஒருத்தி வெளியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கும் அதற்கடுத்த பத்து நாட்களும் எங்கள் தெருவிலும், கல்லூரிக்குப் போகும் ஒன்றாம் நம்பர் பேருந்திலும், ஆசிரியர் அறையிலும் நான் கேட்ட பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குப் பொருள். வெளிநாட்டுக்கு ஆடப் போன ஓர் அணியில் யார் ஆடவேண்டும், யாருக்கு ஃபார்ம் இல்லை, யாரை ஏன் உட்காரவைத்தார்கள் என்று ஊரில் இருக்கும் ரசிகர்கள் அடித்துக்கொள்வது நம் ஆண்களின் பெரிய வாய்மொழி இலக்கியங்களில் ஒன்று. மரபு, இலக்கணம், பாத்திரங்கள் எல்லாம் அதற்கு உண்டு. ஒரு பெண்ணின் பெயர் அதற்குள் வந்தபோது இலக்கணம் எப்படி மாறியது என்பதைத்தான் பார்க்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரில் நியூசிலாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மிதாலி அணியில் இருந்தார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு வரவில்லை. ஹர்மன்ப்ரீத் கௌர் அடித்த 103, டி20 சர்வதேசப் போட்டியில் இந்தியப் பெண் ஒருவரின் முதல் சதம். அடுத்து பாகிஸ்தானுக்கு எதிராக மிதாலி 47 பந்தில் 56. அயர்லாந்துக்கு எதிராக 56 பந்தில் 51. இரண்டிலும் ஆட்ட நாயகி அவர்தான். இந்தியாவுக்காக டி20யில் ஆண் பெண் இரு தரப்பிலும் அதிக ஓட்டம் எடுத்திருந்தவரும் அன்றைக்கு அவர்தான். முழங்காலில் அடிபட்டதால் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஓய்வு. அவர் இல்லாமலே 48 ஓட்டத்தில் இந்தியா ஜெயித்தது. ஜெயித்த அணியை மாற்றவில்லை என்பது அணித்தலைவி ஹர்மன்ப்ரீத் சொன்ன காரணம். தோற்ற பிறகும், அந்த முடிவுக்காக வருத்தமில்லை என்றார்.

இதற்குள் விவாதிக்க எவ்வளவு இருக்கிறது பாருங்கள். குழு ஆட்டங்கள் நடந்தது கயானாவில், அரையிறுதி ஆன்டிகுவாவில். வேறு ஆடுகளம். ஜெயித்த அணியை அப்படியே வைத்திருப்பது எந்த அளவுக்குச் சரி? தொடக்கத்தில் நிதானமாக ஆடும் ஒருவர் டி20க்கு இன்னும் தேவையா? காயம் ஆறிவிட்டதா? ஓர் ஆண் ரசிகனுக்கு ஒரு மாதத்துக்குத் தாங்கும் தீனி.

தெருவில் கேட்டது வேறு. "ஈகோ." "சீனியர்னு ஒரு மிதப்பு." "அவளுக்கு இவளைப் பிடிக்காது." ஆசிரியர் அறையில் ஒருவர், மாமியார் மருமகள் சண்டை பச்சைச் சட்டை நீலச் சட்டை பார்க்காது என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், எழுதி வைக்கிறேன். பேருந்தில் ஒருவர் பாதிப் பழமொழியைச் சொல்லிவிட்டு நான் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாலு தலை கூடினாலும் நாலு முலை கூடாது என்பது அதன் முழு உருவம். பதினோரு தலை கூடி, நான்கு குழு ஆட்டங்களையும் ஜெயித்து, அரையிறுதிவரை போன ஓர் அணியைப் பற்றி அது சொல்லப்பட்டது.

அடுத்த வாரம் மிதாலி வாரியத்துக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. பயிற்சியாளர் ரமேஷ் பொவார் தன்னைச் சிறுமைப்படுத்தினார் என்றும், நிர்வாகக் குழுவிலிருந்த முன்னாள் அணித்தலைவி டயானா எடுல்ஜி தனக்கு எதிராக நடந்துகொண்டார் என்றும் அதில் எழுதியிருந்தார். பொவாரும் அறிக்கை கொடுத்தார். தொடக்க இடம் தராவிட்டால் விலகிவிடுவதாக மிதாலி மிரட்டினார் என்றது அது. பிறகு ஹர்மன்ப்ரீத்தும் ஸ்மிருதியும் அதே பயிற்சியாளர் தொடரவேண்டும் என்று எழுதினார்கள். டிசம்பரில் நம் ஊர் டபிள்யூ. வி. ராமன் பயிற்சியாளராக வந்தார். அந்தக் கடிதமும் அறிக்கையும்தானே பேச்சைக் குணத்தின் பக்கம் திருப்பின என்று கேட்கலாம். ஒரு பங்கு உண்மை. இன்னொரு பங்கும் சொல்லவேண்டும்: அரையிறுதி அன்றே ஹர்மன்ப்ரீத்தின் குணத்தைப் பழித்து ட்விட்டரில் எழுதியவர் மிதாலியின் மேலாளராக இருந்த ஒரு பெண். ஆனால் எங்கள் ஆசிரியர் அறையின் மாமியார் மருமகள் வந்தது கடிதத்துக்கு முன்பு. ட்விட்டர் பக்கம் போகாத எங்கள் தெருவுக்கும் 'சண்டை' என்ற சொல் அன்று காலையே கிடைத்துவிட்டது. செய்தி வருவதற்கு முன்பே அதை வைக்கும் பெட்டி தயாராக இருந்தது.

ஆண்கள் அணியில் சண்டை இருந்ததில்லையா? 1996இல் இங்கிலாந்துப் பயணத்தின் நடுவில் நவ்ஜோத் சித்து, அணித்தலைவர் அசாருதீனோடு மனஸ்தாபப்பட்டு ஊருக்கே திரும்பினார். 2017 ஜூனில் அனில் கும்ப்ளே, தன் பாணி அணித்தலைவருக்கு ஒத்துவரவில்லை என்று அறிந்து பயிற்சியாளர் பதவியை விட்டார். அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்பும் சமயம் அது. அப்போதும் இதே பேருந்தில் போய்வந்தேன். 'கருத்து வேறுபாடு' என்ற கனமான சொல் வந்தது. அணித்தலைவருக்கு அதிகாரம் எவ்வளவு இருக்கவேண்டும், பயிற்சியாளர் கண்டிப்பாக இருப்பது நல்லதா என்று பேசினார்கள். ஆம்பிளைகள் நாலு பேர் சேர்ந்தாலே இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை.

2021இல் அஸ்வினுக்கு வருகிறேன். இங்கிலாந்துப் பயணம். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்துப் பந்துவீச்சாளர். நான்கு டெஸ்டிலும் அவருக்கு இடமில்லை. தொடருக்குச் சற்று முன் சர்ரே கவுண்டிக்காக ஓவல் மைதானத்தில் சாமர்செட்டுக்கு எதிராக 27 ஓட்டத்துக்கு 6 விக்கெட் எடுத்திருந்தார். அதே ஓவலில் செப்டம்பரில் நான்காவது டெஸ்ட், அப்போதும் இல்லை. இங்கிலாந்தில் நான்கு இடக்கை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஜடேஜா பொருத்தம் என்று டாஸ் நேரத்தில் கோலி காரணம் சொன்னார். எதிர்வீட்டு மாமா அன்று மத்தியானம் முழுக்கத் தூங்கவில்லை. இடக்கையர்களுக்கு எதிராக ஆஃப் ஸ்பின்னர்தானே இயல்பான ஆயுதம், ஜடேஜாவை ஐந்தாவதாக இறக்குகிறார்களே, அப்படியானால் அவர் பந்துவீச்சாளராக இருக்கிறாரா மட்டையாளராக இருக்கிறாரா, நாலாவது இன்னிங்ஸில் காலடித் தடங்களில் யார் போடுவார். இந்தியா அந்த ஆட்டத்தை 157 ஓட்டத்தில் ஜெயித்தது. அப்படியும் விவாதம் முடியவில்லை. ஜெயித்தது வேறு, தேர்வு சரியா என்பது வேறு என்றார் மாமா. அருமையான திறனாய்வு வாக்கியம் அது. என் முதுகலை மாணவிகளுக்கு இன்றும் சொல்கிறேன், விருது வாங்கிய நாவல்களைப் பற்றிப் பேசும்போது.

கோலிக்கு அவரைப் பிடிக்காது என்ற பேச்சு அப்போதும் இருந்தது; இல்லை என்று சொல்லமாட்டேன். தமிழன் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்ற பேச்சும் இருந்தது. ஆனால் அவையெல்லாம் இலை ஓரத்து ஊறுகாய். சோறு, ஆட்டமாகவே இருந்தது. மிதாலிக்கு ஊறுகாயை மட்டும் பரிமாறினார்கள்.

தமிழன் என்ற உரிமைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மிதாலி ராஜஸ்தானில் பிறந்து செகந்திராபாத்தில் வளர்ந்தவர். வீட்டில் தமிழ்க் குடும்பம், சின்ன வயதில் பரதம் பயின்றவர். 2018 அணியில் சென்னைப் பெண் ஹேமலதாவும் இருந்தார். அந்தப் பத்து நாள் பேச்சில் இந்த இரண்டில் எதையும் யாரும் உரிமையோடு எடுத்துக்கொண்டு நான் கேட்கவில்லை. இரண்டரை மாதம் கழித்து, 2019 பிப்ரவரி 6 அன்று வெலிங்டனில் ஒரே மைதானத்தில் முதலில் பெண்களும் பிறகு ஆண்களும் நியூசிலாந்தோடு டி20 ஆடினார்கள். பெண்கள் அணியில் மறுபடியும் மிதாலி இல்லை. ஒரு விக்கெட்டுக்கு 102 என்று இருந்த அணி 136க்குச் சரிந்து தோற்றது. ஆன்டிகுவாவில் நடந்ததேதான், இன்னொரு பிரதி. மாலையில் தெருவில் நடந்த விவாதமோ விஜய் சங்கரை மூன்றாவதாக இறக்கியது சரியா என்பதும், தோனி, பந்த், தினேஷ் கார்த்திக் என மூன்று விக்கெட் கீப்பர்கள் ஒரே அணியில் எதற்கு என்பதும்தான்.

பேச்சே இல்லாமல் போன பயணங்களும் உண்டு. 2014 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? தோனியின் அணி இங்கிலாந்தில் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. கோலி பத்து இன்னிங்ஸில் மொத்தம் 134 ஓட்டம். ஆண்டர்சனின் வெளியே போகும் பந்துக்கு அவர் மட்டையை நீட்டும் கோணத்தை அம்மா மண்டபம் சாலை டீக்கடையில் கண்ணாடிக் கிளாஸை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினார்கள். அதே ஆகஸ்டில் அதே இங்கிலாந்தில், வோர்ம்ஸ்லி என்ற இடத்தில், இந்தியப் பெண்கள் எட்டு வருஷம் கழித்து முதல் டெஸ்ட் ஆடினார்கள். எட்டுப் பேருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் டெஸ்ட். இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 92க்கு ஆட்டமிழந்தது. 19 ஓட்டத்துக்கு 4 விக்கெட் எடுத்தவர் தமிழ்நாட்டு நிரஞ்சனா நாகராஜன். இன்னொரு தமிழ்ப் பெண் திருஷ் காமினி தொடக்க ஆட்டக்காரர். முந்தின வருஷம்தான் உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் ஆகியிருந்தார். கடைசி இன்னிங்ஸில் 181 தேவை. அணித்தலைவி மிதாலி ஆட்டமிழக்காமல் அரைசதம் எடுத்து முடித்துவைத்தார். அதே நாட்களில் ஓவலில் ஆண்கள் மூன்றே நாளில் இன்னிங்ஸ் தோல்வி. எங்கள் தெருவில் வோர்ம்ஸ்லி என்ற சொல் காதில் விழவில்லை. தெரு என்ன, எனக்கே தெரியாது. வருஷங்கள் கழித்து ஒரு மாணவி சொல்லித்தான் தெரிந்தது.

அந்த மாணவியைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். முதுகலைத் தமிழ் முதலாண்டு. பள்ளியில் மாவட்ட அளவில் ஆடியவள். திருச்சிக்கு வந்த பிறகு காலையில் காஜாமலை அண்ணா விளையாட்டரங்கப் பக்கம் பயிற்சிக்குப் போவாள். கஜா புயல் கரையைக் கடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் தென்னை எல்லாம் விழுந்துவிட்டன. ஊரில் மின்சாரம் இல்லை. அரையிறுதியை அவள் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை விடுதிக்குத் திரும்பி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றியதும் முதலில் பார்த்தது அந்த ஸ்கோர் அட்டையைத்தான்.

வகுப்பு முடிந்து நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் இந்த நாட்டுக்காக ஆடிய ஒரு பெண்ணை இப்படியா அவமானப்படுத்துவது, பத்தொன்பது வயதில் டான்டனில் 214 அடித்தவள், யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் ஆடியவள். மாணவிகள் தலையாட்டினார்கள். இவள் ஆட்டவில்லை.

"அம்மா, நான் கேப்டனா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்."

ஏன் என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"அயர்லாந்துகூட 56 பாலுக்கு 51. மொத்த மேட்சே 120 பால்தானே. கிட்டத்தட்ட பாதிப் பாலை அவங்களே ஆடிட்டாங்க. அயர்லாந்துன்னதால தப்பிச்சோம். இங்கிலாந்துகூட அப்படி ஆடுனா பின்னாடி வர்ற ஹர்மனுக்கு என்ன இருக்கும்?"

ஆன்டிகுவா ஆடுகளம் மெதுவானது, அன்று அவசரப்பட்டவர்கள்தான் அவுட் ஆனார்கள், 112க்குச் சுருண்ட அணிக்குத் தேவைப்பட்டது நின்று ஆடும் ஒருத்திதான் என்றேன். மாமா வீட்டு நிலைப்படியில் நின்று பார்த்த தைரியம்.

"அப்ப அதச் சொல்லுங்கம்மா. அது பாயிண்ட். அவங்க பாவம்னு சொல்லாதீங்க."

இரவு வெகுநேரம் அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. தெரு ஆண்கள் மிதாலியைச் சண்டைக்காரியாக்கினார்கள். நான் பாவப்பட்டவளாக்கினேன். இரண்டு பேருமே அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அந்த ஐம்பத்தாறு பந்தில் எத்தனை பந்தில் ஓட்டமே எடுக்கவில்லை, எந்தப் பக்கம் அடித்தாள், சுழற்பந்துக்கு இறங்கி வந்தாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே அவளுக்காக வாதாடினேன். முந்தின வருஷம் லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 3 விக்கெட்டுக்கு 191 என்ற நிலையிலிருந்து 219க்குச் சரிந்து 9 ஓட்டத்தில் தோற்றபோதும் இதைத்தான் செய்தோம். 'நம் பெண்கள் இதயங்களை வென்றார்கள்' என்று சொல்லிவிட்டு, அந்தச் சரிவை ஒரு பந்துகூட ஆராயவில்லை. ஆண்கள் அணி அப்படித் தோற்றிருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு நடுவரிசையில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க முடியாது. 2017இல் நாம் காட்டிய கருணை, 2018இல் அதே இடத்தில் அதே மாதிரி சரிய உதவியதோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

கவிதை எழுதும் பெண்ணுக்கு இந்தக் கருணை நன்றாகத் தெரிந்ததாகவே இருக்கவேண்டும். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது தலைப்பைப் பற்றி நடந்த சண்டையில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே இருந்த கவிதைகளின் கட்டுமானம் பற்றி நடந்ததாக என் நினைவில் இல்லை. திட்டியவர்கள் ஒழுக்கத்தைப் பேசினார்கள், ஆதரித்தவர்கள் துணிச்சலைப் பேசினார்கள். சில வருஷம் கழித்து என் முதல் தொகுப்புக்கு வந்த மதிப்புரைகளிலும் 'துணிச்சலான குரல்' இருந்தது. நான் அதைக் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொண்டேன். உன் கவிதைகளில் கடைசி இரண்டு வரி எப்போதும் மிகை, எடுத்துவிடு என்று சொன்னவள் ஒரே ஒரு தோழி. ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. அடுத்த தொகுப்பில் எடுத்துவிட்டேன்.

திண்ணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கம் என்றதும் தமிழ் வாசகருக்குக் கிரிக்கெட்டும் வெட்டிப்பேச்சும் சேர்ந்தே ஞாபகம் வருகிறதென்றால் அது சுஜாதா செய்த வேலை. அந்தக் கதைகளை நானும் சிரித்து ரசித்தே படித்தேன். ஆனால் 'ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்' என்ற தலைப்பை மட்டும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பையன்கள் ஆடுகிறவர்கள், பேசுகிறவர்கள். பெண்கள் தேவதைகள். தேவதைக்கு ஃபார்ம் போகாது, அவளைத் தேர்வு செய்ய வேண்டியதும் இல்லை, உட்காரவைக்கவும் முடியாது. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதி ஆண்களும் உட்கார முடிந்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். அன்று நானும் மாமா வீட்டு நிலைப்படியில்தான் நின்றேன், உள்ளே போய் உட்காரவில்லை. பேருந்தில் ஒருமுறை அஸ்வினின் விக்கெட் கணக்கை ஒருவர் தவறாகச் சொல்ல, நான் திருத்தினேன். "மேடம் கிரிக்கெட்லாம் பாப்பீங்களா?" என்றார். கணக்கு சரியா தப்பா என்பதற்குப் பதிலே வரவில்லை.

அந்த மாணவி கல்லூரி முடித்துப் போய்விட்டாள். இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. சாயங்காலங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டும் சொல்லித்தருகிறாள். 2025 உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தபோது தினமும் செய்தி அனுப்பினாள். தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று தோல்வி. ஆறாவது பந்துவீச்சாளர் வேண்டும் என்று, இங்கிலாந்து ஆட்டத்தில் ஜெமிமாவை உட்காரவைத்துவிட்டு ரேணுகா சிங்கைச் சேர்த்தார்கள். தொடரில் இரண்டு முறை ஓட்டமெடுக்காமல் போயிருந்தார் ஜெமிமா. ரீல்ஸ் போடுவதைக் குறைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்கட்டும் என்று பேருந்தில் பேச்சு கேட்டது, பழைய பெட்டி அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த முறை அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் கேட்டது. இரண்டு கல்லூரிப் பையன்கள், ஒரு பெண், சத்திரம் பேருந்து நிலையம் வரும்வரை ஆறாவது பந்துவீச்சாளர் அவசியமா என்று அடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அவசியம் என்றாள். இங்கிலாந்திடம் தோற்றது நாலே ஓட்டத்தில், அந்த நாலு ஓட்டத்தை ஜெமிமா எடுத்திருப்பாளே என்றான் ஒருவன். பந்துவீச்சு பலவீனமாக இருந்திருந்தால் இன்னும் இருபது கொடுத்திருப்போம் என்றாள் அவள். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

ஜெமிமா நியூசிலாந்துக்கு எதிராகத் திரும்ப வந்து 76 எடுத்தார். அக்டோபர் 30, நவி மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதி. 339 வேண்டும். மூன்றாவதாக இறங்கவேண்டும் என்று அவருக்கே ஐந்து நிமிஷத்துக்கு முன்தான் தெரியுமாம். நாங்கள் இப்போது வேறு வீதியில் இருக்கிறோம். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, படி ஏறக் கஷ்டம். போன் செய்தார்.

"இவளையா மூணுல அனுப்பறது? ஹர்லீன் எங்கே? தப்பு பண்ணிட்டா."

தப்பில்லை மாமா, இடம் மாறி மாறி இறக்கினதுதான் தப்பு, இதுதான் அவளுடைய இடம் என்றேன். போனை வைத்துவிட்டார். ஜெமிமா 127 ஆட்டமிழக்காமல் எடுத்து அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனபோது மணி இரவு பத்தரையைத் தாண்டியிருந்தது. ஆட்டம் முடிந்து பேசுகையில், இந்தத் தொடர் முழுக்கப் பதற்றத்தோடு இருந்ததையும் அழுததையும் அவர் மறைக்கவில்லை. நான் அழுதுகொண்டே மாமாவுக்கு அடித்தேன். இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுதுங்கோ, எழுதுங்கோ. பிரமாதமான இன்னிங்ஸ். ஆனா எண்பத்திரெண்டுல ஹீலி ஒரு கேட்ச் விட்டாளே, லட்டு மாதிரி. அதையும் எழுதணும், ஆமாம்."

எழுதிவிட்டேன், மாமா. ஆனால் மூணாவது இடம் பற்றி நான் சொன்னதுதான் சரி.